பத்து கேமரா, ஒரு மாளிகை: டாக்ஷ்டூல் நாட்குறிப்பு

ஞாயிறு

முதலில் என் அசட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். டாக்ஷ்டூல் கருத்தரங்குக்குப் போகிற வழியில், இறங்க வேண்டிய ஸ்டேஷனில் இறங்காமல் தூங்கிவிட்டேன்.

சென்னையில் நள்ளிரவு தாண்டி ஏறிய விமானம் காலையில் பிராங்பர்ட்டில் கொண்டுவந்து விட்டது. பத்து மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கண் அசந்திருந்தால் அதிகம். விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது, அங்கேயே சார்புரூக்கன் போகும் வண்டியைப் பிடித்தேன். மைன்ஸ், பாட் குரோய்ட்ஸ்நாக் எல்லாம் தாண்டியதும் நாஹே என்ற சின்ன ஆறு ஒன்று கூடவே வர ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் சரிவு முழுக்க வகிடு எடுத்து வாரிய தலை மாதிரி திராட்சைத் தோட்டம். பாட் மியூன்ஸ்டர் பக்கத்தில் ரோட்டன்ஃபெல்ஸ் என்று ஒரு செக்கச்செவேல் பாறை, 202 மீட்டர், சுவர் மாதிரி நட்டுக்குத்தாக நிற்கிறது. ஆல்ப்ஸுக்கும் ஸ்காண்டிநேவியாவுக்கும் நடுவில் இதைவிடப் பெரிய பாறைச்சுவர் இல்லையாம். அப்புறம் இடார்-ஓபர்ஷ்டைன். ரத்தினக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற ஊர், மலைச்சுவரில் பதித்து வைத்த மாதிரி ஒரு சர்ச், கூடவே ப்ரூஸ் வில்லிஸ் பிறந்த ஊரும் இதுதான். இதையெல்லாம் பார்த்து ரசித்துவிட்டு, இன்னும் இருபது நிமிடம்தானே என்று கண்ணை மூடினேன். திறந்தால் சாங்க்ட் வெண்டல். என் ஸ்டேஷன் போயே போய்விட்டது.

எதிர்த் திசை வண்டிக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் திறந்திருக்கவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை கைகொடுத்தது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டதை ஒரு பாட்டி மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்க வேண்டிய இடம் டூர்கிஸ்மியூல. பெயர்தான் நீளம், ஸ்டேஷன் மிகச் சின்னது. அங்கே முதுகில் பையும் கண்ணில் தூக்கமுமாக இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கேட்கவே வேண்டாம், அவர்களும் டாக்ஷ்டூல்தான். ஒரே டாக்ஸியில் போய்ச் சேர்ந்தோம்.

டாக்ஷ்டூல் என்றால் கணினி அறிவியல்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் சார்லாந்து மாநிலத்தில் வாடர்ன் என்ற ஊரை ஒட்டி 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று இருக்கிறது. பிரபு குடும்பங்கள் கை மாறி மாறி வந்து, பிற்பாடு கன்னியாஸ்திரிகள் அங்கே முதியோர் இல்லம் நடத்தினார்கள், அப்புறம் அரசாங்கம் வாங்கியது. கணிதக்காரர்களுக்கு இதே மாதிரி கூடிப் பேச ஓபர்வோல்ஃபாக் என்ற இடம் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கணினிக்காரர்கள் கேட்டதன் பலனாக 1990இல் இங்கே கருத்தரங்குகள் தொடங்கின. வாராவாரம் ஒரு தலைப்பு. பணம் கட்டி யாரும் வர முடியாது, அழைத்தால்தான். இந்த வாரம் அல்காரிதம், கணிப்புச் சிக்கல் (ஒரு கணக்கு எவ்வளவு கடினம் என்று அளப்பது), சேர்வியல் (பொருள்களை எத்தனை விதமாகச் சேர்க்கலாம், அடுக்கலாம் என்ற கணிதம்) மூன்றும் கலந்தது. நாற்பது பேர். அந்த நாற்பதில் தரமணியில் ஆய்வு மாணவியாக மூன்றாம் வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கும் எப்படியோ அழைப்பு வந்துவிட்டது.

அறையில் டிவி இல்லை. மேசை, கட்டில், ஜன்னலுக்கு வெளியே மரங்கள். தூங்கப் போகிறேன்.

திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் பெரிய அரங்கில் கூடினோம். அதற்கு கைசர்ஸ்லாட்டர்ன் என்று பெயர், இன்னொன்றுக்கு சார்புரூக்கன். அறைகளுக்குப் பல்கலைக்கழக ஊர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் அறிமுகம். என் முறை வந்ததும் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, எனக்கு அடுத்து பேசியவர் தன் பெயரையே சொல்ல மறந்தார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. காலை உணவுக்கு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், மதியமும் இரவும் அப்படி முடியாது. ஒவ்வொரு வேளையும் பெயர் அட்டைகளைக் கலைத்துப் போட்டு வைத்துவிடுகிறார்கள், உங்கள் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார வேண்டியதுதான். தெரிந்தவர்கள் கும்பலாக உட்கார்ந்து மற்றவர்களை அம்போ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. என்னைப் போன்ற கூச்சப் பிராணிகளுக்கு வரம்.

எனக்கு இதில் ஒரு சுயநலமும் உண்டு. நான் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை ஒரு பேராசிரியரின் பழைய கட்டுரையின் தோளில் ஏறி நிற்கிறது. அவர் இங்கே வந்திருக்கிறார். நேரே போய்ப் பேசத் தைரியம் இல்லை. பெயர் அட்டை உதவுமா என்று நாப்கினில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேசைக்கு ஏறக்குறைய ஆறு பேர், அதாவது ஒரு வேளைக்கு மற்ற 39 பேரில் ஐந்து பேர் என்னோடு இருப்பார்கள். அவர் அந்த ஐந்தில் இல்லாமல் போகும் வாய்ப்பு 39இல் 34. வெள்ளி மதியம் வரை ஒன்பது வேளை. ஒன்பது தடவையும் தவறிப்போகும் வாய்ப்பு சுமார் 29 சதவீதம். ஆக, 71 சதவீதம் நம்பிக்கையோடு உருளைக்கிழங்கைச் சாப்பிட்டேன். (சைவம் என்று முன்பே சொல்லியிருந்தேன். உருளைக்கிழங்கை எத்தனை விதமாகச் செய்யலாம் என்பதற்கு மேல் வரம்பு எதுவும் நிரூபிக்கப்படவில்லை போலிருக்கிறது.) கையோடு கொண்டுவந்த பருப்புப்பொடி டப்பாவைத் திறந்ததும் மேசையே திரும்பிப் பார்த்தது.

ஆறு பேர் மேசை என்றால் இந்தக் கூட்டத்தில் ஒரு ஜோக் கட்டாயம் வரும். எந்த ஆறு பேரை எடுத்தாலும், ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்த மூன்று பேராவது, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேராவது அதில் இருந்தே தீருவார்கள். ராம்சே எண் கதை. சோதித்தோம், ஒருவரையொருவர் அறியாத மூவர் உடனே கிடைத்தார்கள், நான் அதில் ஒருத்தி. மூன்றுக்குப் பதில் நான்கு பேர் வேண்டும் என்றால் 18 பேர் தேவை. ஐந்து பேர் என்றால்? 43இலிருந்து 46க்குள் எங்கேயோ. அவ்வளவுதான் இன்றைக்கு மனித குலத்துக்குத் தெரியும். நான்கு எண்களில் ஒன்று, கணினியெல்லாம் வைத்துக்கொண்டும் எது என்று சொல்ல முடியவில்லை. எர்டோஷ், செக்கரெஷ் என்ற இரண்டு கணிதக்காரர்கள் 1935இல் பொதுவாகக் கொடுத்த மேல் வரம்பு ஏறக்குறைய நான்கின் அடுக்குகளாக வளரும், அந்த நான்கைக் கொஞ்சமாவது குறைக்க 2023 வரை ஆனது. எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால், அந்த வருடம் வந்த கட்டுரையில் 4 என்பது 3.993 ஆனது. வெளியே இருப்பவர்களுக்கு இதில் என்ன கொண்டாட்டம் என்று தோன்றும். எங்கள் மேசையில் இதைச் சொல்லும்போது ஒருவர் கையைத் தட்டியே விட்டார்.

இரவு, தீராத கணக்குகளுக்கான நேரம். ஒவ்வொருவராகக் கரும்பலகைக்குப் போய்த் தன்னைத் தூங்கவிடாத கணக்கைச் சொன்னார்கள். பதினோரு கணக்கு. எனக்கு நான்கு புரிந்தது.

செவ்வாய்

இன்றைக்குக் காலைப் பேச்சைப் பற்றி நிறைய எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு கணக்கைப் போட எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் வேண்டும் என்பதுதான் சிக்கல் கோட்பாட்டின் ஆதிக் கேள்வி. பத்து லட்சம் படி எடுக்கிற ஒரு வேலையை எவ்வளவு நினைவகத்தில் முடிக்கலாம்? ஹாப்கிராஃப்ட், பால், வேலியன்ட் மூவரும் 1975இல் காட்டிய வழியில், மாறிலிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டால், ஐம்பதாயிரம் நினைவகக் கட்டம் போல. அதற்கப்புறம் ஐம்பது வருடம் யாரும் பெரிதாக நகர்த்தவில்லை. 2025 பிப்ரவரியில் ரயன் வில்லியம்ஸ் ஒரு கட்டுரை போட்டார்: படிகளின் வர்க்கமூலம் அளவுக்கு, மேலே கொஞ்சம் சில்லறை, இடம் இருந்தால் போதும். பத்து லட்சத்துக்குச் சில ஆயிரம். நேரம் மட்டும் கன்னாபின்னாவென்று கூடும், அது வேறு விஷயம்.

இதற்கு அடியில் இருக்கும் தந்திரத்தைத்தான் இன்று பேசியவர் சாக்பீஸோடு காட்டினார். எனக்கு அது நம் வீட்டுப் பரண் கதையாகவே தோன்றியது. உங்கள் வீட்டில் இடம் இல்லை. பக்கத்து வீட்டில் பெரிய பரண் இருக்கிறது, ஆனால் அது முழுக்க அவர்கள் சாமான். எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது, எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது, நடுவில் கொஞ்சம் கலைத்துக்கொள்ளலாம், ஆனால் போகும்போது எது எது எங்கே இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட நிரம்பி வழியும் பரணால் உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? சத்தியமாக இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். உண்டு என்று 2014இல் புர்மன், கிளீவ் முதலிய ஐந்து பேர் காட்டினார்கள்.

எப்படி என்று சின்னக் கணக்கில் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பரணில் இரண்டு பெட்டி. முதல் பெட்டியில் 7, இரண்டாவதில் 3 இருக்கிறது, ஆனால் அது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் போவதில்லை. என்னிடம் இரண்டு எண்கள், 2உம் 5உம், வந்து வந்து போகும். அவற்றைப் பெட்டியில் இருப்பதோடு கூட்டலாம், கழிக்கலாம், தனியே எழுதி வைக்க மட்டும் இடம் இல்லை. எனக்கு வேண்டியது இரண்டின் பெருக்கல். முதலில் இரண்டு பெட்டியிலும் சேர்த்துவிடுகிறேன்: 9, 8. பெருக்கினால் 72, அதை விடைப் பெட்டியில் கூட்டுகிறேன். முதல் பெட்டியிலிருந்து 2ஐ எடுக்கிறேன்: 7, 8. பெருக்கினால் 56, விடையில் கழிக்கிறேன். இரண்டாவதிலிருந்து 5ஐயும் எடுக்கிறேன்: 7, 3. பெருக்கினால் 21, கூட்டுகிறேன். மறுபடி முதலில் மட்டும் 2ஐச் சேர்க்கிறேன்: 9, 3. பெருக்கினால் 27, கழிக்கிறேன். கடைசியாக அந்த 2ஐ எடுத்துவிட்டால் பெட்டியில் பழையபடி 7, 3. விடைப் பெட்டியில் என்ன சேர்ந்திருக்கிறது? 72லிருந்து 56 போக 16, அதோடு 21, மொத்தம் 37, அதில் 27 போக 10. இரண்டைந்து பத்து! பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தால் ஒரு தூசி நகரவில்லை. விடைப் பெட்டியிலும் முன்னால் ஏதாவது குப்பை இருந்திருந்தால் பாதகமில்லை, பத்து கூடியிருக்கும், அவ்வளவுதான்.

எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா. இதையே மேலும் மேலும் அடுக்கி ஜேம்ஸ் குக்கும் இயன் மெர்ட்ஸும் கிளை கிளையாகப் பிரியும் கணக்கு மரம் ஒன்றைக் கீழிருந்து மேலாகக் கணக்கிடும் வேலையை யாரும் எதிர்பார்க்காத அளவு குறைந்த இடத்தில் முடித்தார்கள். வில்லியம்ஸ் அதைத்தான் எடுத்துப் பயன்படுத்தினார். இதில் எனக்குப் பிடித்த கிளைக்கதை: அந்த மரக் கணக்குக்கு நிறைய இடம் வேண்டியிருக்கும் என்று நம்பி, அதை வைத்து இன்னொரு பெரிய கேள்வியை உடைக்கலாம் என்று பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் குக், 1971இல் என்பி-முழுமையை (ஒன்றை வேகமாகத் தீர்த்தால் மற்றதெல்லாம் தீர்ந்துவிடும் கடினக் கணக்குகளின் கூட்டம்) கொண்டுவந்தவர். ஜேம்ஸ் குக் அவர் மகன். அப்பா போட்ட பூட்டை மகனே திறந்திருக்கிறான். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பார்கள் என்று மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்குக் காபியும் கேக்கும். அங்கேதான் எனக்கு அடி விழுந்தது.

பிராகிலிருந்து வந்த ஒரு மாணவி, நேற்றைய பருப்புப்பொடி ரசிகை, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டாள். காபி கோப்பையை ஓரம் தள்ளிவிட்டு விளக்கினேன். ஊரில் தெருக்களும் சந்திப்புகளும் இருக்கின்றன. எல்லாத் தெருவையும் ஏதாவது ஒரு கேமரா பார்க்க வேண்டும். சந்திப்பில்தான் வைக்கலாம், மொத்தம் பத்துதான் இருக்கிறது. இது பழைய கணக்கு. ஒரு சந்திப்பில் பதினோரு தெரு சேர்ந்தால் அங்கே கேமரா வைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் வைக்காவிட்டால் மறுமுனை பதினொன்றிலும் வைக்க வேண்டிவரும். இப்படி வெட்டி வெட்டி ஊரையே சின்னதாக்கிவிடலாம். என் கணக்கில் கூடுதலாக இரண்டு தொல்லை: ஒவ்வொரு சந்திப்பின் கேமராவும் இத்தனை தெருவைத்தான் பார்க்கும் என்று ஒரு திறன், அதற்கு ஒரு வாடகை. மொத்த வாடகைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

என் துணைத் தேற்றம் இரட்டையர்களைப் பற்றியது. அச்சு அசலாக ஒரே அண்டைச் சந்திப்புகளோடு இணைந்தவை இரட்டையர். பத்துக்கு மேல் இரட்டையர் இருந்தால், குறைந்தது ஒன்றிலாவது கேமரா இருக்காது, அதன் தெருக்களை எல்லாம் அண்டைச் சந்திப்புகள்தான் பார்த்தாக வேண்டும். ஆகவே இரட்டையரில் ஒன்றைத் தூக்கிவிட்டு, அண்டைகளின் திறனில் ஆளுக்கு ஒன்று குறைத்துவிடலாம். சொல்லி முடித்தேன். அவள் கேக்கை மென்றுகொண்டே ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

"எதை?"

எதையாவது, என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் பாதியில் நின்றுவிட்டது.

இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பேராசிரியர் அடுத்த மேசையில் சிரித்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, என் மேசையில் இல்லை.

புதன்

ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து எதிர் உதாரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மிகச் சின்னது, அதுதான் அவமானம். பெரிய சந்திப்பு இரண்டு, சின்னது நான்கு. ஒவ்வொரு சின்னதிலிருந்தும் இரண்டு பெரியதற்கும் ஒவ்வொரு தெரு, ஆக எட்டுத் தெரு. கேமரா மூன்று. பெரியவற்றின் திறன் மும்மூன்று. சின்னவற்றில் ஒன்றின் திறன் 2, மற்ற மூன்றுக்கும் 1. இரண்டு பெரியதும் ஆறு தெருவைப் பார்க்கும், மிச்சம் இரண்டை அந்தத் திறன் 2 பார்த்துக்கொள்ளும். எட்டும் முடிந்தது. இப்போது என் தேற்றத்தை நம்பி அந்தத் திறன் 2 சந்திப்பைத் தூக்குங்கள். பெரியவை இரண்டிரண்டாகக் குறையும், மீதி ஆறு தெரு. நான்கும் ஒன்றும் ஐந்துதான். ஒரு தெரு இருட்டிலேயே கிடக்கிறது.

நான்கு மாதமாக என் கட்டுரையின் ஏழாம் பக்கத்தில் இந்த இருட்டுத் தெரு இருந்திருக்கிறது. நானும் படித்தேன், என் கைடும் படித்தார்.

மத்தியானம் பேச்சு கிடையாது, புதன்கிழமை நடைக்குப் போவது இங்கே வழக்கம். மழை தூறிக்கொண்டே இருந்தது. ஜெர்மானியர்கள் மழையைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நான் விமான நிலையத்தில் வாங்கிய குடையோடு கடைசியாகப் போனேன். மாளிகைக்குப் பின்னாலேயே குன்றின் மேல் பழைய டாக்ஷ்டூல் கோட்டையின் இடிபாடு இருக்கிறது, 13ஆம் நூற்றாண்டுச் சங்கதி. இடுப்பளவுச் சுவர், பாசி, வழுக்கல். பீச் மர இலைகள் மஞ்சளாகி ஈரத்தில் கால் வைத்தால் சறுக்குகின்றன.

பிராகுக்காரி வந்து, கோபமா என்றாள். இல்லை, நன்றி என்றேன், பாதி உண்மை. திறன் குறைந்ததைத் தூக்கினால் சரியாகிவிடுமே என்றாள். அதை நான் ராத்திரியே பார்த்துவிட்டேன், வாடகை இல்லாவிட்டால் சரியாகிவிடும். ஒன்று திறன் குறைவு வாடகையும் குறைவு, இன்னொன்று திறன் அதிகம் வாடகையும் அதிகம் என்றால் எதைத் தூக்குவது? மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி, ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. அவளும் யோசித்தாள். இரண்டு பேரும் பேசாமல் ஒரு மணி நேரம் சேற்றில் நடந்தோம். இப்படிப் பேசாமல் கூட நடப்பதற்குச் சரியான ஆள் அமைவது அபூர்வம்.

நடையில் முன்னால் போன ஒருவர் பாபாய் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார், காதில் விழுந்தது. இரண்டு கிராஃப்கள் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) ஒன்றேதானா என்று பார்க்கும் கணக்குக்கு லாஸ்லோ பாபாய் 2015இல் ஒரு வேகமான அல்காரிதம் தந்தார், உலகமே கொண்டாடியது. ஹரால்ட் ஹெல்ஃப்காட் என்ற கணிதக்காரர் அதை வரி வரியாகப் படித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். 2017 ஜனவரியில் பாபாய் தன் பக்கத்தில் ஆமாம், நான் சொன்ன வேகம் நிற்காது என்று போட்டார். சில நாளில் அவரே ஓட்டையை அடைத்து, பழைய வேகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். எனக்காகச் சொன்ன கதை இல்லை அது, அவருக்கு என் விஷயம் தெரியவே தெரியாது. ஆனாலும் குடையை மடக்கிவிட்டு மழையிலேயே நடந்தேன்.

அறைக்கு வந்ததும் அம்மா போன்.

"என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு? நனைஞ்சியா?"

"கொஞ்சம் நனைஞ்சேம்மா. கோட்டை பார்க்கப் போனோம்."

"தலையத் துவட்டிட்டு வெந்நீர் குடி. இடிஞ்ச கோட்டைக்கெல்லாம் சாயங்காலத்துல ஏன் போறே? அப்பா கேக்கறார், உன் பேச்சு எப்பன்னு."

என் பேச்சு நாளைக்கு.

வியாழன்

காலை ஆறு மணிக்கு விழிப்பு. நூலகம் ராத்திரி பகல் திறந்தே இருக்கிறது, போய் உட்கார்ந்தேன். கணினி அறிவியலுக்கென்று இப்படி ஒரு நூலகத்தை நான் பார்த்ததில்லை. அந்தந்த வாரம் வந்திருப்பவர்கள் எழுதிய புத்தகங்களை வெளியே எடுத்து வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். என் பேராசிரியரின் புத்தகமும் இருந்தது. சென்னையில் நான் படித்தது அதன் நகலின் நகல், ஓரமெல்லாம் கறுப்பாக இருக்கும். அசல் அட்டை பச்சை என்று இன்றுதான் தெரிந்தது.

அங்கே உட்கார்ந்துதான் விஷயம் பிடிபட்டது. தூக்கப்போகிற இரட்டையில் கேமரா இல்லை, அதனால் அதன் அண்டைகள் எல்லாவற்றிலும் கேமரா உண்டு. மொத்தமே பத்து கேமராதான். அப்படியென்றால் அண்டைகளும் பத்துக்கு மேல் இருக்க முடியாது. பத்துத் தெருதான் இருக்கிறது என்றால், பதினைந்து தெரு பார்க்கும் கேமராவும் பத்து தெரு பார்க்கும் கேமராவும் ஒன்றுதானே! திறன் என்பது ஒன்றிலிருந்து பத்துக்குள் அடங்கிவிட்டது. பத்துக் கூடை போட்டு ஒரே திறன் உள்ளவற்றை ஒரே கூடையில் போடு. எந்தக் கூடையில் பத்துக்கு மேல் இருக்கிறதோ அதில் வாடகை அதிகமானதைத் தூக்கு. ஒரே திறன் என்பதால் இப்போது ஒப்பிட வாடகை மட்டும்தான், மாப்பிள்ளைப் பிரச்சினை தீர்ந்தது. தேற்றத்தில் பத்து என்று இருந்த இடத்தில் நூறு என்று வரும். அசிங்கம்தான். ஆனால் உண்மை.

பதினொன்றரைக்குப் பேசினேன். ஏழாம் பக்கத்தில் தப்பு இருந்தது, செவ்வாய்க்கிழமை இவள் கண்டுபிடித்தாள் என்று அவளைக் காட்டிவிட்டு, எதிர் உதாரணத்தை முதலில் வரைந்தேன். எட்டுத் தெருவை வரைவதற்குள் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. கேள்வி நேரத்தில் ஒருவர் நூறைக் குறைக்க முடியுமா என்றார், தெரியாது என்றேன். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யோசித்தாரா தூங்கினாரா என்று கணிக்க என்னிடம் அல்காரிதம் இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் என் பெயர் அட்டைக்குப் பக்கத்தில் அவர் பெயர்! எட்டாவது வேளை. நெஞ்சு அடித்துக்கொண்டது. உட்கார்ந்தார், சூப்பை ஒரு வாய் குடித்தார், உங்கள் ஊரில் தக்காளிச் செடிக்கு வேர் அழுகல் வருமா என்று கேட்டார். நாற்பது நிமிடம் தக்காளி. அவர் பால்கனியில் பதினான்கு தொட்டியாம். தண்ணீர் தேங்காமல் அடியில் ஓட்டாஞ்சில்லு போடுவோம், பாட்டி சாம்பல் தூவுவார் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். மிகக் கவனமாக நாப்கினில் குறித்துக்கொண்டார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் ஒயின் நிலவறை. சீஸ் தட்டு, மெழுகுவர்த்தி, எடுத்த பாட்டிலை நீங்களே சீட்டில் குறித்து வைக்க வேண்டும், பார்க்க ஆள் கிடையாது. நான் ஆப்பிள் ஜூஸ். மேலே இசை அறையில் யாரோ பியானோ வாசித்தார்கள், திங்களன்று தன் பெயரையே மறந்தவர்தான் என்று அப்புறம் தெரிந்தது, அற்புதமாக வாசித்தார். பன்னிரண்டு மணிக்கு நானும் பிராகுக்காரியும் நூறை ஐம்பதாக்க முயன்றோம். ஆகவில்லை.

வெள்ளி

காலையில் இரண்டு பேச்சு, பாதிப் பேர் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். மதியம் கடைசியாக ஒருமுறை உருளைக்கிழங்கு. பருப்புப்பொடி டப்பாவைப் பிராகுக்காரியிடமே கொடுத்துவிட்டேன். செய்முறை கேட்டாள், பெருங்காயத்துக்கு என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

இதை ரயிலில் எழுதுகிறேன். கூடைகளைத் திறன்படி பிரிக்காமல், முதலில் வாடகைப்படி வரிசையாக நிறுத்திவிட்டு, முந்தையதைவிடத் திறன் கூடினால் மட்டும் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இடார்-ஓபர்ஷ்டைன் தாண்டும்போது தோன்றியது. கிறுக்கிப் பார்த்தேன், பத்துப் பேரை ஒரே நேரத்தில் எடுக்க வேண்டிய இடத்தில் உடைகிறது. கண் சொக்குகிறது. பிராங்பர்ட்டுக்கு இருபது நிமிடம் முன்னால் ஒன்று, பத்து நிமிடம் முன்னால் ஒன்று என்று இரண்டு அலாரம் வைத்துவிட்டேன்.